கறுக்காத ஃபிலிம்

அந்த அலறல் இரண்டே விநாடிதான்.

மொட்டை மாடியிலிருந்து தரைக்கு வந்து சேர அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

கிருஷ்ணசாமி தன் சொந்த வீட்டு மாடியிலிருந்து, சொந்த வாசலில் விழுந்து, அங்கேயே செத்துப் போனார். துமாஸ் வீதியில் மாலை நான்கு மணி. காகம்கூடக் கத்தவில்லை.

எதிர்ச் சுவரோரம் ரூமானா நின்றிருந்தாள். கையில் பழைய ஃபிலிம் கேமரா. அலறல் கேட்டதும் கை தானாக அதை மேலே தூக்கி ஒரு முறை அமுக்கியிருந்தது. வெள்ளைச் சுவரில் பட்ட வெயிலில் கண் கூசியது. மாடியில் இன்னொரு ஆள் நிற்பது தெரிந்தது.

யார்...?

தெரியவில்லை.

அடுத்த நிமிடம் அந்த வீட்டுக்குள்ளிருந்து தலைதெறிக்க ஓடி வந்தது அவள் தம்பி அனஸ்! இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கப் போனவன். சத்தம் கேட்டுப் பயந்து ஓடி வந்ததாகச் சொன்னான்.

போலீஸ் நம்பவில்லை. ஜீப்பில் ஏற்றிவிட்டது.

மறுநாள் காலை. முல்லா வீதியில் ரூமானாவின் வீடு. போன் அடித்தது.

"எஸ்.ஐ. சுடர்விழி பேசறேன். சாயங்காலம் நாலு மணிக்கு உன் தம்பிய கோர்ட்ல நிறுத்தியாகணும். அந்தப் படத்தை எப்பக் காட்டுவ?"

"மெட்ராஸுக்கு அனுப்பினா நாலு நாளாவும் மேடம். நானே வீட்ல கழுவிடறேன்."

"மருந்து வச்சிருக்கியா?"

"காபித்தூள் வச்சிருக்கேன்."



"நான் கொலைக் கேஸப் பத்திப் பேசிட்டிருக்கேம்மா."

"நானும் அதத்தான் மேடம் பேசறேன். இன்ஸ்டன்ட் காபி, வைட்டமின் சி, சலவை சோடா. மூணும் தண்ணில சேர்ந்தா படம் வந்துரும். ரெண்டு வருஷமா அப்படித்தான் கழுவறேன்."

"நாலு மணி. ஞாபகம் வச்சுக்க."

போன் செத்தது.

ரூமானா அலமாரியைத் திறந்தாள். காபி இருந்தது. வைட்டமின் இருந்தது. சோடா டப்பாவைக் கவிழ்த்தாள். காலி...

அந்த நேரம் பார்த்து மறுபடி போன். பலராமன். கிருஷ்ணசாமி வீட்டின் கீழ்ப் பகுதியில் முப்பது வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கடையைக் காலி செய்யச் சொல்லி கிருஷ்ணசாமி ஆறு மாதமாக அவரை நச்சரித்து வந்தது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"இன்னா ரூமானா, படம் எதுவோ எடுத்தியாமே? தனியா இன்னா பண்ணுவ. நான் வரேன், ஆளுக்கு ஒரு கை புடிப்போம்."

"வரும்போது சலவை சோடா வாங்கியாந்துருங்கண்ணே."

அரை மணியில் வந்தார். காகிதப் பொட்டலத்தில் வெள்ளைத் தூள். இருட்டுப் பைக்குள் கையை விட்டு ரூமானா ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடினாள். ஃபிலிமின் வெளிச்சம் பட்ட நுனியில் இரண்டு துண்டுகளை மட்டும் முன்பே வெட்டி வைத்திருந்தாள்.

பொட்டலத் தூளையும் சேர்த்துக் காபி கலந்தாள். டேங்கில் ஊற்றினாள். மிச்சமிருந்த காபியில் ஒரு துண்டைப் போட்டாள்.

"அது எதுக்கு?" என்றார் பலராமன்.

"மருந்து வேலை செய்யுதான்னு பாக்கண்ணே. ரெண்டு நிமிஷத்துல கறுத்துடும்."

ரெண்டு நிமிடம்.

ஐந்து நிமிடம்.

பன்னிரண்டு நிமிடம்...

துண்டு கறுக்கவில்லை.

டேங்குக்குள் இருப்பது வெறும் ஃபிலிம் இல்லை. அனஸின் உயிர்.

"துண்டுதான. வுடு. உள்ள படம் வந்திருக்கும். ஃபிக்சரை ஊத்து," என்றார் பலராமன்.

"கறுக்கவே இல்லையேண்ணே."

"ஊத்தும்மா. நேரமாவுது."

அவள் கை ஃபிக்சர் பாட்டில் வரை போய் நின்றது.

ஃபிக்சர் என்ன செய்யும்? காபியில் கறுக்காததை எல்லாம் கரைத்துக் கொண்டு போய்விடும். எதுவுமே கறுக்காத ஃபிலிமில் அதை ஊற்றினால் மிஞ்சுவது கண்ணாடி மாதிரி வெறும் பட்டை. அப்புறம் அந்தப் படத்தை யாராலும் மீட்க முடியாது. நேற்று கற்றுக்கொண்டவனுக்கும் இது தெரியும்.

முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவருக்குத் தெரியாதா?

காபியில் விரலை விட்டுத் தேய்த்தாள். சலவை சோடா கரைந்த தண்ணீர் சோப்பு மாதிரி வழுக்கும். இது வழுக்கவில்லை. பொட்டலத்தில் இருந்தது ஆப்ப சோடா. அதில் மாவு பொங்கும். படம் வராது.

மாற்றி வாங்கியிருப்பாரோ? இருக்கலாம். ஃபிக்சரை ஊற்று என்று அவசரப்படுத்தியது...?

மாடியில் நின்ற ஆள், தோளோடு தோள் உரசி அவள் பக்கத்தில் நிற்கிறான்.

தொட்டி ஓரம் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் ஃபிக்சர். ஒன்றில் தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்றுதான். அவர் கண்ணுக்கு மறைத்தபடி திரும்பி, காபியைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

"ஊத்திட்டேண்ணே."

பலராமன் பெருமூச்சு விட்டார். முகத்தில் ஒரு களை.

"நல்லது. நான் சாப்ட்டு வந்துடறேன். வந்து பாப்போம்."

படியில் அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் ரூமானா சுடர்விழிக்கு போன் போட்டாள். ஒரே மூச்சில் எல்லாம் சொன்னாள்.

"இப்ப இன்னா பண்ணப் போற?" என்றார் சுடர்விழி.

"வறுக்கப் போறேன் மேடம்."

"எதை?"

"ஆப்ப சோடாவ. நல்லா வறுத்தா அது சலவை சோடாவா மாறிடும்."

வாணலி அடுப்பில் ஏறியது. காய்ந்த தூள் சூட்டில் தானே குமிழிட்டுக் குதித்தது. அரை மணியில் அடங்கியது. ஆறவிட்டு மறுபடி காபி கலந்தாள். விரலைத் தேய்த்தாள். வழுக்கியது! இன்னொரு துண்டைப் போட்டாள்.

ஒரு நிமிடம்... இரண்டாவது நிமிடம்...

கன்னங்கரேலென்று ஆனது. ரூமானாவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டேங்கில் ஊற்றினாள். பதினைந்து நிமிடம். கொட்டினாள். இந்த முறை நிஜமான ஃபிக்சரை ஊற்றினாள்.

அதற்குப் பத்து நிமிடம் வேண்டும்.

ஐந்தாவது நிமிடத்தில் படியில் செருப்புச் சத்தம்.

பலராமன் உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா, புதுசா காபி வாசனை?"

"தலைவலிண்ணே. போட்டுக் குடிச்சேன்."

அவர் பார்வை அடுப்புக்குப் போனது. வாணலி. வாணலியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள்.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். சத்தமே இல்லாமல்.

"புத்திசாலிப் பொண்ணுதான் நீ."

"கதவ எதுக்குண்ணே சாத்தறீங்க?"

"ஃபிக்சர்னு நீ ஊத்தினது இன்னா?"

ரூமானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் மூன்று நிமிடம்.

"அவர ஏண்ணே தள்ளினீங்க?"

"முப்பது வருஷம் ரூமானா. அந்தக் கடைதான் என் வீடு, வாசல் எல்லாம். எம் போர்டைக் கழட்டித் தெருவுல போட்டான் அவன். பேசத்தான் மேல போனேன். சிரிச்சான்."

"அதுக்கு எந்தம்பி உள்ள போவணுமா?"

"நான் போவணுமா அப்ப?"

ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது. அவர் கை அவள் கழுத்துக்கு வெகு அருகில் வந்தது. கடிகாரத்தில் முள் நகர்ந்தது.

பத்து நிமிடம் முடிந்தது.

"அண்ணே, நான் ஊத்தினது தண்ணி," என்றாள். "இப்பதான் ரெண்டாவது காபி போட்டிருக்கேன். ஃபிலிம் உள்ள ஊறிட்டிருக்கு."

பலராமனின் கை அவளை விட்டு விலகியது. டேங்குக்குத் தாவியது. மூடியைத் திருகி எறிந்தார். சுருளை உருவி ஜன்னல் வெயிலில் உயர்த்திப் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டால் போதும், ஃபிலிம் நாசம்!

அவர் சட்டையெல்லாம் மருந்து தெறித்தது.

அது காபி நிறத்தில் இல்லை. காபி வாசனை வரவில்லை. வினிகர் மாதிரி சுள்ளென்று அடித்தது. முப்பது வருஷமாக அவர் விரலில் ஒட்டிக் கிடந்த வாசனை.

ஃபிக்சர்.

"வேலை முடிஞ்சிடுச்சுண்ணே," என்றாள் ரூமானா. "இனிமே எந்த வெயிலும் அதை ஒண்ணும் பண்ணாது."

உள் அறைக் கதவு திறந்தது. சுடர்விழி வெளியே வந்தார்.

"இவ போன் பண்ணதும் கிளம்பி வந்துட்டேன். இருபது நிமிஷமா உள்ள நிக்கறேன் சார். எல்லாம் கேட்டுச்சு. அதைக் குடுங்க."

வாங்கி வெயிலில் பிடித்தார். பதினெட்டாவது கட்டம். மாடிக் கைப்பிடிச் சுவர். கால் தூக்கிச் சரியும் ஒருவர். இரண்டு கையையும் நீட்டியபடி இன்னொருவர்.

"கிளம்பும்மா," என்றார் ரூமானாவிடம். "போய் உன் தம்பியக் கூட்டிக்க."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் அப்போது வந்தது அவளுக்கு.

பலராமன் கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார்.

"மேடம்... நெகடிவ் அது. கறுப்பு வெள்ளையா, வெள்ளை கறுப்பா மாறி இருக்கும். மூஞ்சி சரியாத் தெரியாது."

சுடர்விழி விலங்கை எடுத்தார்.

"கவலப்படாதீங்க சார். ஸ்டேஷன்ல புதுசா ரெண்டு போட்டோ எடுத்துருவோம். நேரா பாத்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு."