ஆறுலோகம்

கோவையில் இப்போது நசுங்கிய காரைப் பார்க்க முடியாது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆறுலோகத்தில் வார்த்த வண்டியில் மாலையில் விழுந்த பள்ளம் காலைக்குள் தானே மேடேறிவிடும். கீறல் என்றால் காபி குடித்து முடிப்பதற்குள். டிங்கரிங் பட்டறைகளெல்லாம் பழச்சாறுக் கடைகளாகிவிட்டன.

சிவநேசனின் நீளமான சொகுசு மகிழுந்தும் வாங்கிய அன்றைய மினுமினுப்போடுதான் இருந்தது. அதனால்தான், சிங்காநல்லூர் சிக்னலில் பிரேக் மிதி தரைவரை இறங்கி, வண்டி முன்னாலிருந்த பேருந்தை உரசாத குறையாகப் போய் நின்றபோது, அதை ஓட்டிவந்த அவர் மனைவி அருள்மொழி திகைத்துப்போனாள். கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகாமல் ஊர்ந்தபடியே நேராகப் பராமரிப்பு நிலையத்துக்கு ஓட்டினாள்.

பொறியாளர் ரெஜினா வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் தட்டு அப்பளம்போல் மெலிந்திருந்தது.

“இது ஓடித் தேஞ்சதில்ல மேடம். வண்டியே உருவியிருக்கு” என்றாள். “பள்ளத்த நிரப்ப உலோகம் எங்கிருந்தாவது வரணுமில்ல? அடியில சேமக்கட்டின்னு ஒண்ணு இருக்கு. அதுலருந்து துகள் நகர்ந்து போய் நிரப்பும். சர்வீசுக்கு வரப்ப புதுக்கட்டி மாத்துவோம். உங்களுது சுத்தமாக் கரைஞ்சுபோச்சு. பத்தாததுக்கு பிரேக்லயும் கை வெச்சிருக்கு. முன்பக்கம் பலமா எதுலயாவது மோதுச்சா?”

“இல்லியே.”

சொல்லும்போதே அருள்மொழிக்கு அது நினைவுக்கு வந்தது. போன வாரம் சூலூர் சாலையில் கதிரேசன் என்ற மில் காவலாளியை ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவர் இன்னும் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் கிடந்தார். அன்று சிவநேசன் பல்லடத்திலிருந்து அந்த வழியாகத்தான் வந்தார்.

“எதுல மோதுச்சுன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா?”

“முடியாது மேடம். ஆறிட்டா அங்க ஒண்ணுமே இருக்காது. அதச் சொல்லித்தான விக்கறாங்க.”

வீட்டில் அவள் கேட்டதும் சிவநேசன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“போன வாரம் சூலூர் ரோட்டு நடுத்தடுப்புல இடிச்சுட்டேன். கண்ணு அசந்துருச்சு. சொன்னா வண்டியத் தொட விடமாட்டீன்னு சொல்லல.”

“தடுப்புதானுங்களா?”

“அருளு, என்ன கேக்கற நீ?”

புதுப் பிரேக் போட்ட வண்டியில் அவளை அவரே சூலூருக்குக் கூட்டிப்போனார். கடந்த ஆண்டு போட்ட தடுப்பு அது. தான் இடித்த இடம் இதுதான் என்று ஒரு வளைவைக் காட்டியவர், காட்டிய கையாலேயே அதைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு சொட்டை இல்லை, சாயம்கூட ஒட்டியிருக்கவில்லை. சாலைத் துறையும் ஆறுலோகத்தைத்தான் வாங்கிப் போட்டிருந்தது.

அங்கிருந்து அவர்களாகவே காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தடுப்புல இடிச்சேன்னு சொல்லி உங்களுக்கு முன்னாடியே சில பேர் வந்தாச்சுங்க சார்” என்றார். “எல்லார் வண்டியும் பளபளன்னு இருக்கு. யாரையும் பிடிக்கவும் முடியல. நீங்க இல்லைன்னு எழுதிக் குடுக்கவும் என்னால முடியல.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“காவலாளி கண்ணு முழிக்கட்டும். முழிச்சாலும் வண்டியப் பாத்தாரோ என்னவோ.”

வெளியே வந்ததும் சிவநேசன் அவளுக்காக முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தாளு எழுதித் தராட்டிப் போகுது. நீ நம்பறயல்ல?”

அருள்மொழி நம்பத்தான் விரும்பினாள்.

“போலாமுங்க” என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.