ஒரு மணிக்குச் சிரிக்கும் போன்

"ஐயோ... யாராச்சும் ஓடி வாங்களேன்!"

மதியம் இரண்டரை.

வலங்கைமானுக்குத் தெற்கே, ஆள் நடமாட்டமில்லாத வயல்வெளி. கத்தியவன் தமிழரசன். மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நடவு போட்டிருப்பவன்.

மோட்டார் கொட்டகை வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குள் குப்புறக் கிடந்தார் பஞ்சநாதன். மோட்டார் காவல்காரர். வயது அறுபத்து மூன்று.

பின்மண்டை பிளந்திருந்தது!

சட்டைப் பையில் இருந்த செல்போனும் அவரோடு சேர்ந்து மூழ்கிச் செத்துப் போயிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் சுடர்விழி மோட்டார் மெக்கானிக் ஜெயபாலை உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில மோட்டார் ரிப்பேருக்குப் போனேன் மேடம். சரியா ஒரு மணிக்குப் பெரியவரு போன் சிரிச்சுது..."

"போன் சிரிச்சுதா? குடிச்சிருக்கியா?"

ஏட்டு இப்ராஹிம் இடையில் புகுந்தார்.

"நெசந்தான் மேடம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதான் ஆளுக்கொரு சத்தம் வச்சிருந்தாரு. ஓனர் கூப்பிட்டா கோயில் மணி. லைன்மேன்னா தவளை கத்தும். சிங்கப்பூர்ல இருக்கிற மகன் கூப்பிட்டா பேரப்புள்ள சிரிக்கும்."

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியாம என்ன! தெனம் ஒரு மணிக்குச் சிரிக்கும். களையெடுக்கிற பொம்பளைங்க அத வச்சுத்தான் சோத்து வாளியத் தொறப்பாங்க. இன்னிக்கு அந்தப் பக்கம் வேலை இல்ல. ஒருத்தரும் வரல."

ஜெயபால் தலையாட்டினான்.

"போன எடுத்து, 'சொல்லு தம்பி'ன்னு பேச ஆரம்பிச்சாரு மேடம். நான் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். அப்ப உசிரோடதான் இருந்தாரு."

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழரசன் கதறினான்.

"மேடம்... நான் போறப்பவே கெடந்தாரு மேடம்! தண்ணி மொறைக்குச் சண்டை போட்டது வாஸ்தவம். அதுக்காகக் கொன்னுருவாங்களா? என் நடவு காயுது மேடம்..."

"ஒரு மணிக்கு உசிரோட இருந்த ஆளு ரெண்டரைக்குப் பொணம். நடுவுல அங்க போனவன் நீ ஒருத்தன். நடவப் பத்தி ஜட்ஜ்கிட்ட சொல்லு."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் கோர்ட்டுக்கு வண்டி கிளம்பிவிடும். போனால் கொலைக் கேஸில் ஜெயில்தான்!

"இப்ராஹிம், மகனுக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"நம்பர் யாருக்கும் தெரியல மேடம். போன்தான் செத்துப் போச்சே. நம்பரெல்லாம் ஏத்திக் குடுத்தது பஸ் ஸ்டாண்டு செல்போன் கடை ஷம்சாத். வரச் சொல்லியிருக்கேன்."

வந்தாள்.

முப்பத்தைந்து வயது. கல்யாணச் சேலை. இரண்டு கையிலும் மருதாணி. அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"பெரியவரு மகன் நம்பர் சொல்லும்மா."

"அது... ஞாபகம் இல்லீங்க."

"தெனம் பேசுற மகன். அப்பா செத்தது அவனுக்குத் தெரிய வேணாமா?"

ஷம்சாத் லாக்கப்பைப் பார்த்தாள்.

"இவர ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க?"

இப்ராஹிம் சொன்னார். "ஒரு மணிக்கு மகன்கிட்ட பேசுனப்ப பெரியவரு உசிரோட இருந்திருக்காரும்மா. அதுக்கப்புறம் போனது இவன் மட்டும்தான்."

ஷம்சாத் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒரு மணிக்கா? இன்னிக்கா?"

"ஆமாக்கா," என்றான் ஜெயபால். "என் காதால கேட்டேன். புள்ள கலகலன்னு சிரிச்சுது."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் செத்தவருக்குச் செய்து கொடுத்த சத்தியம். மறுபக்கம் கம்பிக்குள் ஒரு உயிர்.

"எழுதிக்குங்க மேடம்..."

பத்து இலக்கம் சொன்னாள். சுடர்விழி தன் போனில் அழுத்தினாள்.

மணி அடித்தது...

சிங்கப்பூரில் அல்ல.

ஷம்சாத்தின் கைப்பைக்குள்!

"என்னடி நாடகம் இது?" சுடர்விழி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மகன் பேர்ல நான் ஏத்திக் குடுத்த நம்பர் இதான் மேடம். என்கிட்ட இருக்கிற பழைய போன். அந்த மகன் பேசி மூணு வருஷமாச்சு. நம்பரையே மாத்திட்டான்."

சுடர்விழி மறுபடி உட்கார்ந்தாள்.

"கடைசியா அவன் அனுப்புன வீடியோவுல பேரப்புள்ள சிரிச்சுது. அத வெட்டி ரிங்டோனா வச்சுக் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்தாரு. 'சத்தமே வரலியேம்மா... டோனு கெட்டுப் போச்சா, பாரு'ன்னாரு."

"ம்..."

"டோன் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அடிச்சுக் காட்டுனேன். சிரிச்சுது. அப்படியே நின்னாரு. அப்புறம், 'தெனம் ஒருதரம் அடிக்கிறியாம்மா? வயல்ல நாலு பேரு கேக்கணும். எம்மவன் என்னைய மறந்துட்டான்னு எவனும் பேசிடக் கூடாது'ன்னாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"தெனம் அப்படி என்ன பேசுவீங்க?"

"நான் பேச மாட்டேன். பொம்பளைக் குரல் வெளிய கேட்டுரும்ல? அவருதான் பேசுவாரு. சாப்டியா... அங்க மழையா... புள்ள பள்ளிக்கூடம் போவுதா... அஞ்சு நிமிஷம் அவரே கேட்டுட்டு அவரே வச்சுருவாரு."

இப்ராஹிம் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஷம்சாத் அந்தப் பழைய போனை நீட்டினாள். "பாருங்க மேடம். நேத்து ஒரு மணி. முந்தாநாள் ஒரு மணி. இன்னிக்கு... இல்ல. கீழ்வேளூர்ல தங்கச்சி நிக்காஹ். பந்தி கவனிக்கிற வேலையில மறந்தே போயிட்டேன்."

சுடர்விழி மெதுவாகத் திரும்பினாள்.

"ஜெயபால்... எந்தப் போனுப்பா கலகலன்னு சிரிச்சுது?"

அவன் பார்வை வாசல் பக்கம் போனது.

எழுந்து பாய்ந்தான்! இப்ராஹிம் காலை நீட்டினார். வாசற்படியில் குப்புற விழுந்தான்.

"உன் காது ரொம்ப நல்ல காதுடா. அடிக்காததெல்லாம் கேக்குது!"

கன்னத்தில் இரண்டு அறை விட்டதும் உண்மை கொட்டியது.

"மோட்டார் காயில்ல இருந்த காப்பர் கம்பிய உருவி வித்துட்டு மட்டமான அலுமினியக் கம்பி சுத்திக் குடுத்தேன் மேடம். மூணாவது தடவ எரிஞ்சதும் பெரியவரு கண்டுபுடிச்சுட்டாரு. ஓனர்கிட்ட சொல்லுவேன்னாரு. பன்னண்டரைக்கே ரெஞ்சு ஸ்பேனரால அடிச்சுட்டேன். தெனம் வர்ற போன்தானே... இன்னிக்கும் வந்திருக்கும்னு நெனச்சு..."

கம்பிக் கதவு திறந்தது. தமிழரசன் வெளியே வந்தான். ஷம்சாத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். செருப்பைக்கூடத் தேடவில்லை. வயலைப் பார்க்க ஓடினான்.

அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம்... பெரியவர வாங்கிக்க யாரு வருவா?"

"மகன் வந்தாத்தான். இல்லன்னா கவர்மென்ட் பொதைக்கும்."

"நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாமா?"

சுடர்விழி ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

லாக்கப்புக்குள்ளேயிருந்து ஜெயபால் கெஞ்சினான்.

"மேடம்... வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா? தேடுவாங்க..."

"பண்ணுய்யா!" என்றாள் சுடர்விழி. "கொலைகாரன் உனக்கே போன எடுக்க ஆளு இருக்கு... குடுத்து வச்சவன்யா நீ!"