சுவிட்ச் டி-யில் இருக்கிறது

கொடைக்கானலில் டிவி டவர் வந்த வருடம் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. கூடவே தெருவும் வந்தது. திருப்பரங்குன்றத்தில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் தொடங்கும் முன்பே ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சத்தியசீலன் என்றால் வகுப்பே நடுங்கும். காது போன வாத்தியாருக்கு யார் நடுங்குவார்கள்?

என் காது மெஷின் ஒரு சின்னப் பெட்டி. சட்டைப் பையில் கிடக்கும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். அதற்குப் பாரபட்சமே கிடையாது. கடலை உடைப்பது, பிள்ளை அழுவது, ஃபேன் முனகுவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டும். டிவியில் பேசுவது மட்டும் கேட்காது. என் மனைவி தெரசா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் என் சட்டைப் பையைப் பார்த்துக் கத்துவாள். படம் முடியும்போது பாவம், அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

ரேடியோ கடை ஜேசுராஜ்தான் இதற்கு வழி செய்தார். டிவியிலிருந்து ஒரு வயரை இழுத்து ஹால் சுவரைச் சுற்றிலும் அடித்தார். பிறகு மெஷினில் எம், டி என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். எம் பக்கம் இருந்தால் ஊர்ச் சத்தமெல்லாம் கேட்கும். டி பக்கம் தள்ளினால் டிவி மட்டும்.

"பக்கத்துல வெடி போட்டாலும் கேக்காது சார். வயர்ல வாரது மட்டுந்தான் உள்ள வரும்" என்றார்.

தள்ளினேன். ஹாலில் வாய்கள் அசைந்தன, சத்தமில்லை. கதாநாயகி மூச்சு விடுவதுகூட என் காதுக்குள் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு, படத்தின் நடுவே ஒரு குரல்.

"வாத்தியாரய்யா, கொஞ்சம் தலையச் சாய்ங்க. மறைக்குது."

பூக்காரி மலையம்மாள். வழக்கமாகக் கதவோரம் உட்கார்ந்து பார்ப்பவள். சாய்ந்துகொண்டேன்.

"இப்பத் தெரியுதா?" என்றேன், திரும்பாமலே.

தெரசா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மலையம்மாளைக் காணவில்லை.

மறுநாள் தகவல் வந்தது. மகளைப் பார்க்கத் திருவாதவூர் போனவள், ஞாயிறு மத்தியானமே அங்கு இறந்துவிட்டாளாம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுவிட்ச் டி-யில் இருக்கும்போது ஹாலில் இருப்பவர் குரல் எப்படிக் கேட்டது?

சுவிட்சை எம் பக்கம் தள்ளி, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

"செபமாலை சொன்ன வாயோட பேய்க்குப் பயப்படுறீங்களே!" என்று தெரசா சிரித்தாள். பழையபடி தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிறு காலையில் திண்டுக்கல்லில் இருக்கும் அவள் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டாள்.

"படம் போடுறதுக்குள்ள வந்துருவேன். பஸ்சு லேட்டானா அந்தப் பிளாஸ்திரியப் பிச்சு எறிஞ்சிட்டுப் பாருங்க" என்றாள்.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. படமும் ஆரம்பித்தது. தெரசா வரவில்லை. எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், இரைச்சலுக்கு நடுவே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனது ஒரு நிலையில் இல்லை. ஏதாவது ஒன்றில் கவனம் போனால் தேவலை என்று பிளாஸ்திரியைப் பிய்த்து, சுவிட்சை டி பக்கம் தள்ளினேன்.

ஹால் அடங்கிப்போனது.

"ஏங்க. வந்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. "இம்புட்டு நேரமா?" என்று திரும்பினேன்.

பக்கத்து நாற்காலியில் தெரசா. காலையில் கட்டிப் போன அதே ஊதாச் சேலை. டிவி வெளிச்சம் அவள் முகத்தில் விழுவதும் மறைவதுமாக இருந்தது. பெட்ரோல் பங்கில் அடிப்பதுபோல் டீசல் வாடை அடித்தது. அவள் குரல் அத்தனை தெளிவு. கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

டி.

இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் கிட்டே வந்தாள். தெரசா இருந்த நாற்காலியைக் காட்டி, உட்காரட்டுமா என்று சைகையில் கேட்டாள்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

வாசலில் ஜேசுராஜ் நின்றார். அவர் பின்னால் ஒரு போலீஸ்காரர். ஜேசுராஜின் உதடுகள் அசைந்தன. ஹாலில் இருந்த பெண்கள் வாயைத் திறந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. என் காதில் படத்தின் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ டிவியை அணைத்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இன்னும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சுவிட்சை எம் பக்கம் திருப்பினால் சொல்லிவிடுவார்கள். என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"திருப்பாதீங்க" என்றாள் தெரசா. "திருப்புனா நான் போயிருவேன்."

நான் திருப்பவில்லை.

கல்லறையில் பாதரின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். மண் விழுந்ததையும் பார்த்தேன். தெரசா என் பக்கத்தில் நின்று அக்கா வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது பயமாக இருக்கிறது. அக்கா வீட்டுக் கதை தீர்ந்துவிட்டது. வேறு பேச்சு தொடங்கிவிட்டாள், அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். டிவியை விற்றாயிற்று. சுவரில் அடித்த வயரை ஜேசுராஜே பிடுங்கிவிட்டார். நேற்று வந்து, மெஷினைத் திறந்து, பேட்டரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். போதும் சார் என்று அவர் உதடு சொன்னது. அழுதார்.

அவர் போன பிறகு காதில் இருந்ததையும் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"ஏங்க" என்றாள் தெரசா. "பஸ்சுல பக்கத்து சீட்டுல பையப் போட்டு உங்களுக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன். எல்லாரும் ஏறியாச்சு. எப்ப வாரீங்க?"