மூன்று வட்டமும் பச்சை

காலை ஆறரைக்கு நாங்கள் நால்வரும் பழைய பத்திரப்பதிவு அலுவலகத்தின் மொட்டை மாடியில் கூடுவோம். கீழ்த்தளம் கடலுக்குள் போய்ப் பல வருடம் ஆகிறது. மாடிப்படியின் பாதியில் படகைக் கட்டி வைத்திருப்போம். குடிநீர் கேன்களை ஏற்றுவதற்கு முன்னால், டீ குடிப்பதற்கும் முன்னால், ஒரு காரியம் உண்டு. நான் சமன்பலகையைத் திறந்து சுவரில் சாய்த்து வைப்பேன். திரையில் மூன்று வட்டங்கள் எழும். வேலை, குழு, ஆள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கும் நாடிவளையிலிருந்து செய்தி வந்து வட்டங்கள் நிறம் காட்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு.

பிறகு குழுத்தலைவியான நான், விதிப்படி, ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நின்று அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

“மனசுல ஏதாவது பாரம் இருக்கா?”

“இல்லக்கா,” என்பான் படகோட்டும் தவமணி.

“ஒண்ணும் இல்லக்கா,” என்பாள் நர்ஸ் செங்கேணி.

தண்ணீர் சுத்திகரிப்பைப் பார்க்கும் அமிர்தராஜுக்கு இந்தச் சடங்கே பிடிக்காது. “டீ ஆறிப்போற பாரந்தான்,” என்பான்.

கடைசியில் அவர்களில் ஒருவர் என்னைக் கேட்க, நானும் இல்லை என்பேன். நானூறு நாட்களுக்கும் மேலாக எங்கள் மூன்று வட்டமும் பச்சை. கடலோரத் தொண்டு நிறுவனங்களில் இப்படி இன்னொரு குழு கிடையாது என்று பெருமையடித்துக்கொண்ட ஜென்மம் நான்தான். விருத்தாசலத்தில் புதிய தலைவர்களுக்கு வகுப்பெடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டார்கள். குணவதி அம்மாவின் குழுவைப் பாருங்கள் என்று எங்கள் படத்தைப் பாடப்பலகையில் போட்டுக் காட்டினார்கள்.

இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டமாவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த முறை இது. அப்போது வளையும் கிடையாது, பலகையும் கிடையாது. நிவாரண முகாமில் கரித்துண்டால் சுவரில் மூன்று வட்டம் போடுவேன். செய்து முடிக்க வேண்டிய வேலை, சேர்ந்து செய்கிற குழு, அந்தக் குழுவுக்குள் இருக்கிற தனி ஆள். மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் சரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு எது சரிகிறது என்று கேட்பேன். வாய் ஓயாமல் பேசுவார்கள். சண்டை போடுவார்கள். ஒருமுறை லாரி ஓட்டுகிற பெரிய மீசைக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் அவர் வேலையை இன்னும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தொண்டர்கள் வேலைப்பளுவில் ஒவ்வொருவராக நொடித்துப் போனார்கள். அரசு குழுநலச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தது. ஓர் ஆளின் வட்டம் சிவந்தால், அல்லது அவர் தன் துக்கத்தைத் தலைவரிடம் சொன்னால், தலைவர் அன்று மாலைக்குள் பதிய வேண்டும். பதிந்தால் அந்த ஆள் வேலையை விட்டு நாற்பது நாள் மீட்பகத்தில் ஓய்வெடுக்கப் போக வேண்டும். நான்கு பேருக்குக் குறைந்த குழு கலைக்கப்படும். புதுக்குழு அமையும்வரை அதன் பொறுப்பில் இருக்கிற வீடுகளுக்குத் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாத வீட்டில் யார் இருப்பார்கள்? மேல்மாடிகளில் பிடிவாதமாக வாழ்கிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

இதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். தவமணிக்கு முன்னால் படகோட்டியவர் ஜெய்லானி பாய். புயலில் காணாமல் போன தம்பியை நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்று ஒருநாள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். சாயங்காலம் பதிந்தேன். குழு கலைந்தது. மறுபடி கூட மூன்று மாதம் ஆனது. கலையும்போது எண்பது வீடு, கூடும்போது அறுபத்துமூன்று. ஜெய்லானி பாய் திரும்பி வரவேயில்லை. விதியை மீறாத தலைவி என்று எனக்கு மட்டும் பாராட்டுக் கடிதம் வந்தது.

நடந்தது ஒரு புதன்கிழமை. நான்காவது தெருவில், பாசி பிடித்த படியில் மருந்துப் பெட்டியோடு ஏறிய செங்கேணி வழுக்கி விழுந்தாள். முழங்கைவரை எப்போதும் ஓர் உறை போட்டிருப்பாள், உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். ராணியம்மா கையுறை என்று நான்கூடக் கிண்டல் செய்வேன். அந்த உறை கம்பியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. தூக்கிவிடப் போன நான் அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு வளை. அதற்கு மேலே இன்னொன்று.

“இது யாரோடதும்மா?”

அவள் பார்வை படகின் பக்கம் போனது. நானும் கீழே பார்த்தேன். தவமணி முழுக்கைச் சட்டையின் முனையை இழுத்து விட்டுக்கொண்டு என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வளைக்கு நாடிதாங்க்கா தெரியும், ஆள் தெரியாது,” என்றாள் செங்கேணி மெதுவாக. “எனக்குப் படபடப்பே வராது, அது உங்களுக்கே தெரியும். அதான் நான் போட்டுக்கிட்டேன்.”

“எத்தனை நாளா?”

“ஆறு மாசமா. அவரு வீட்டுக்காரம்மா ஒடம்பு முடியாமப் படுத்ததுலேருந்து.”

“அவன் சம்சாரத்துக்கு ஒடம்பு முடியலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

செங்கேணி என் முகத்தைப் பார்க்காமல் கிழிந்த உறையைச் சுருட்டினாள்.

“இறந்துட்டாங்கக்கா. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. உளுந்தூர்பேட்டையில, அம்மா வீட்டுல. சேதி வந்தப்ப நாம இதே தெருவுலதான் இருந்தோம். நீங்க மேல மாடியில நின்னு கெழவருக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மிச்ச வீட்டுக்கெல்லாம் தண்ணி குடுத்தோம். ஞாயித்துக்கிழமை லீவுல போயி எடுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழமை காலையில வந்துட்டாரு.”

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சமன்பலகையில் தவமணியின் நாடிக்கோடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அவன் தோளைத் தட்டி, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மூன்றாவது தெரு வள்ளியம்மா அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் நின்றதும் நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கு நன்றி சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். என்ன மடத்தனம்!

“வேற யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. அறுபத்துமூணு வீட்டுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்.”

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு குழுவில் ஆளைப் பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டவள் நான். ஊரே அவனுக்குத் துக்கம் விசாரித்திருக்கிறது, நான் ஒருத்திதான் அவனைப் பாராட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இறங்கிப் படகுக்குப் போனேன். தவமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றான்.

“அக்கா, தயவுபண்ணி எதுவும் கேக்காதீங்க. கேட்டா நான் சொல்லிடுவேன். சொன்னா நீங்க எழுதாம இருக்க மாட்டீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு? ஜெய்லானி பாய் கதை தெரியாதா?”

“தவமணி...”

“இந்த வீடுங்கள விட்டா எனக்குப் போக்கிடமே இல்லக்கா. என்னால ஒரு வீடு காலியாச்சுன்னா தாங்க மாட்டேன்.”

நான் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கு எத்தனை கேன் என்று மட்டும் கேட்டேன். நான்கு என்றான். மாலையில் சமன்பலகையின் முன்னால் உட்கார்ந்தேன். கை அதுவாகவே பதிவுப் பக்கத்தைத் திறந்தது. ஒரு மணி நேரம் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். சட்டத்தை நான் மீறியது அதுதான் முதல்முறை. அதனால் நெஞ்சில் ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை.

மறுநாள் படியேறும்போதே என் மணிக்கட்டு துடித்தது. என் வளை சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க உறங்காத நாடி எப்படி இருக்கும்? பலகையைத் திறக்க இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. திறந்தால் என் பெயர் முதலில் எரியும். தலைவியே சிவந்தால் குழு அன்றைக்கே கலையும். வகுப்பெடுக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூவரும் என் கையைப் பார்த்தார்கள். அமிர்தராஜ் டீயைக் கீழே வைத்தான். செங்கேணி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா.”

“இது தப்பும்மா.”

“தப்புதான். குடுங்க.”

கழற்றிக் கொடுத்தேன். அதையும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. பலகையைத் திறந்தேன். மூன்று வட்டமும் பச்சை. கேள்வியை அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் மருந்து பிரிக்கணும்,” என்று சொல்லிச் செங்கேணி மாடியிலேயே இருந்துகொண்டாள்.

கேன்களை ஏற்றிக்கொண்டு நானும் தவமணியும் கிளம்பினோம். அவன் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான். முதல் தெரு திரும்பியதும் என்ஜினை நிறுத்தச் சொன்னேன். படகு தண்ணீரில் சும்மா ஆடியது. மேலே ஒரு சன்னலில் கயிற்றில் கட்டிய குடத்தோடு யாரோ நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் குடத்தை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு வருடம் தினமும் அவனிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், கேட்க வேண்டியதைக் கேட்டதில்லை.

“அவங்க பேரு என்ன தம்பி?”

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அஞ்சலாட்சி,” என்றான். “அவளுக்கு உங்கள நல்லாத் தெரியும்க்கா. நான் உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கேன். எப்ப போன் பண்ணாலும் அதையேதான் சொல்லுவா. ‘அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து நாலு நாள் எங்கூட இருங்க. கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறாங்க?’ கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தா.”

துடுப்பின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.