நான்காவது கீறல்

மேபல் ஓஸ்ட்பியின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்த ஆர்வில் ஹேகன், கால்மிதியில் பூட்ஸைத் துடைக்கவில்லை. மார்ச் மாதச் சேற்றை மேசை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். எழுபத்திரண்டு வருடத்தில் அவர் யார் வீட்டுத் தரையையும் அழுக்காக்கியவர் அல்ல. கடையில் வேலை பார்க்கும் ரஸ் டகன் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் செஞ்சேனா இல்லையா, மேபல்? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

பெட்டிக்குள் இருந்தது கர்ட் லசீட்டரின் பெரிய ரிவால்வர், அல்லது அதில் மிஞ்சியது. சட்டத்தின் மேல் பட்டை பறந்துபோயிருந்தது. தோட்டா போடும் ஆறு அறைகள் கொண்ட உருளையின் மேல் பாதி பூசணித் தோல்போலப் பிய்ந்திருந்தது.

பள்ளத்தாக்கில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஒன்பது நாட்களுக்கு முன், கிளப் போட்டியில் கர்ட் சுட்ட முதல் குண்டிலேயே துப்பாக்கி வெடித்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று மைதானப் பொறுப்பு ரஸ்ஸுடையது. நான்கடி தள்ளி நின்றிருந்தான்.

இருநூறு கெஜத்தில் நிற்கும் ஆட்டுக்கடா வடிவ இரும்புப் பலகைகளை ரிவால்வரால் சாய்க்கும் போட்டியில் கர்ட் பத்து வருடமாக முதலாவது. அவன் தோட்டாக்களை ஆர்வில்தான் தன் வீட்டு பெஞ்சில் காலிக் கூடுகளில் வெடிமருந்து போட்டு ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பித் தருவார். ஒருமுறை ரஸ்ஸும் கேட்டிருக்கிறான். "ஒருத்தனுக்குத்தான்ப்பா என்னால முடியும்" என்றார் ஆர்வில். அதன்பின் ஆறு முறை ரஸ் இரண்டாவதாக வந்தான். ஒவ்வொரு முறையும் கர்ட்டின் கையைக் குலுக்கினான், சிரித்தான், வண்டியில் ஏறி வீடு வரைக்கும் வானொலியைப் போடாமல் ஓட்டினான்.

"வெடிமருந்து மாறிப்போச்சுன்னு நினைக்கிறீங்களா?" என்று மேபல் கேட்டாள். முப்பது வருடம் மாநிலப் போலீஸின் ஆய்வுக்கூடத்தில் துப்பாக்கிகளைப் பரிசோதித்தவள். குரல் ஏறி யாரும் கேட்டதில்லை.

"பெஞ்சுல ஒரு நேரத்துல ஒரு மருந்து டப்பாதான் வைப்பேன். அம்பது வருஷமா அப்படித்தான். ஆனா இப்பல்லாம் அடுப்பை அணைச்சேனான்னு ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாக்குறேன். எம் பொண்ணு ஜீன் சனிக்கிழமை வர்றா. துப்பாக்கி, தோட்டா அழுத்துற பிரஸ், மருந்து, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போறாளாம். எடுத்துட்டுப் போகட்டும். என் மண்டை போயிடுச்சான்னு மட்டும் சொல்லு."

பெட்டியில் மேலும் சில இருந்தன. வெடித்த தோட்டாவின் கிழிந்த பித்தளைக் கூட்டில் அடிப்பகுதி மட்டும். உருளையின் கீழ் அறைகளில் சுடாமல் தங்கிய மூன்று தோட்டாக்கள். பிறகு ஆர்வில் கர்ட்டுக்குக் கொடுத்த தோட்டா டப்பா. ஐம்பதுக்கு நாற்பத்துநான்கு மீதி.

மேபல் அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, சுத்தியல் போன்ற கருவியில் மாட்டித் தட்டி ஈயக்குண்டைக் கழற்றி, மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டினாள். தட்டையான சின்னச் சின்னச் செதில்கள்.

ஆர்வில் குனிந்து பார்த்தார். 

"இது ஜீனோட சின்னத் துப்பாக்கிக்குப் போடுற மருந்து. சட்டுனு எரியும். பெரிய தோட்டாவுக்குப் போடுற எடையில இதைப் போட்டா..."  தொப்பியை எடுத்துக்கொண்டார். "அப்ப நான்தான்."

கதவு சாத்தியபின் ரஸ் பேசினான். "பாவம் மனுஷன்." சொன்னவனுக்கே அது முழு உண்மையாகப் படவில்லை. கர்ட்டுக்கு இனி யார் தோட்டா செய்வது என்ற நினைப்பு ஒன்பது நாளாக அவனுக்குள் நாய்போலச் சுருண்டு படுத்திருந்தது.

மேபல் மற்ற இரண்டையும் கழற்றினாள். அதே செதில்கள். பிறகு டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழற்ற ஆரம்பித்தாள். மதியம் முழுக்க அந்தச் சுத்தியல் சத்தம்தான். நாற்பத்துநான்கிலும் உருண்டையான மணிகள். சரியான மருந்து, சரியான எடை.

"ரஸ், நீ மருந்து டப்பாவை மாத்தி எடுத்தா எத்தனை தோட்டா கெடும்?"

"எல்லாந்தான். ஒரே மூச்சுல அம்பதும் நிரப்புவாரு."

"இங்க உருளைக்குள்ள போனது மட்டும் கெட்டுருக்கு. மிச்சம் நாப்பத்துநாலும் நல்லது."

"நடுவுல காப்பி குடிக்க எந்திரிச்சிருப்பாரு. திரும்பி வந்து வேற டப்பாவை எடுத்திருப்பாரு."

"எடுத்திருக்கலாம்." காலியான கூடு ஒன்றை விளக்கின்கீழ் திருப்பினாள். "விளிம்புல இது என்ன?"

"அரத்தால கீறுவாரு. ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் ஒரு கீறல். மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி முதல் வேலையே அதான். கூடு எத்தனை தடவை உழைச்சிருக்குன்னு தெரியணும்ல."

"டப்பாவுல இருந்த நாப்பத்துநாலையும் எண்ணு."

எண்ணினான். எல்லாவற்றிலும் நான்கு கீறல். கழற்றிய மூன்றையும் கிழிந்த அடிப்பகுதியையும் மேபல் அவன் முன்னால் தள்ளினாள். மூன்று. மூன்று. மூன்று. மூன்று.

ரஸ் மறுபடியும் எண்ணினான். "மறந்திருப்பாரோ?"

"மறந்தா ஏதோ ஒண்ணுல மறப்பாரு. நமக்குக் கிடைச்ச நாலுலயும், சரியா அதே துப்பாக்கிக்குள்ள போனதுல மட்டும் மறப்பாரா?" தொலைபேசியை எடுத்தாள். "ஆர்வில், அந்தக் கூடெல்லாம் எப்ப வாங்கினீங்க?"

எதிர்முனைக் குரல் ரஸ்ஸுக்கும் கேட்டது. நூறு கூடுகள், ஒன்றாக வாங்கியவை. போன அக்டோபரில் நூறையும் மூன்றாம் முறை நிரப்பிக் கர்ட்டிடம் கொடுத்தாராம். தொண்ணூற்றுநான்குதான் திரும்பி வந்தன. "சுடும்போது ஆறு கூடு புல்லுல தெறிச்சுப் போயிடுச்சுன்னான். சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

மேபல் நன்றி சொல்லி வைத்தாள். "ரிவால்வர் கூட்டை வெளிய தெறிக்குமா, ரஸ்?"

"தெறிக்காது. சுட்டாலும் உருளைக்குள்ளயே இருக்கும். நாமதான் தட்டிக் கொட்டணும்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"கால்கிட்ட விழுந்ததைக் குனிஞ்சு எடுக்க முடியாதா? ஆறுன்னா ஒரு உருளை முழுசு. தொலையல, அவன் வச்சுக்கிட்டான். சரி, ஆறு தோட்டா வெளியிலேர்ந்து உருளைக்குள்ள வந்தா, டப்பாவுல அம்பது இருக்கணும். நாப்பத்துநாலுதான் இருக்கு. ஆர்வில் செஞ்ச ஆறு எங்க?"

ரஸ் யோசித்தான். போட்டியன்று கர்ட் கோட்டைக் கழற்றி கிளப் அறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சுட வந்தான். ஆம்புலன்ஸ் அவனை அப்படியே ஏற்றிப் போனது. கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"பைக்குள்ள கை விடாத."

விடவில்லை. ஆனால் தூக்கும்போதே வலப்பக்கம் கனத்தது. அந்தக் கனம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டியில் அதைப் பக்கத்து இருக்கையில் கிடத்தி ஓட்டும்போது, இப்படிச் சந்தோஷப்படுகிறவன் யார் என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை, கர்ட்டின் சமையலறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கர்ட்டின் வலது கை கட்டுக்குள் இருந்தது. ஆர்வில் அதைப் பார்க்காமல் தன் தொப்பியைப் பார்த்தார்.

"உன்னை இப்படிப் பண்ணிட்டேன், கர்ட்" என்றார்.

"அதை விடுங்க, ஆர்வில். வயசானா யாருக்கும் வரும்."

அந்த வாக்கியத்தை அவன் அவ்வளவு மென்மையாகச் சொன்னதும், ரஸ் மடியில் இருந்த கோட்டை மேபலிடம் நீட்டினான். மேபல் கோட்டை மேசைமேல் வைத்தாள்.

"உன் கோட்டு. வலது பையில என்ன இருக்குன்னு நீயே எடுத்து வை."

கர்ட் கோட்டையே பார்த்தான்.  பிறகு இடது கையை நுழைத்தான். ஒன்று, இரண்டு, ஆறு. ஆறாவது உருண்டு ஆர்விலின் முன்னால் போய் நின்றது. அவர் எடுத்து விளிம்பை நகத்தால் தடவினார்.

"நாலு கீறல்" என்றார்.

"நாலு உங்களோடது" என்றாள் மேபல். "துப்பாக்கியில வெடிச்சதுல மூணுதான். மூணாவது கீறலுக்கு அப்புறம் அந்தக் கூடு உங்க பெஞ்சுக்குத் திரும்பி வரவே இல்ல. வேற ஒருத்தர் நிரப்பியிருக்காரு."

கர்ட் ஜன்னல் பக்கம் பேசினான். "கராஜுல ஒரு பிரஸ் வாங்கி வச்சேன். யாருக்கும் சொல்லல."

"ஏன்டா?" என்றான் ரஸ்.

"நீ கேக்குறியா? நீதான போன வருஷம் நான் கோப்பை வாங்கும்போது சொன்ன. 'கடாவைச் சாய்ச்சது கர்ட்டா, ஆர்விலா?' எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

ரஸ்ஸுக்கு நினைவிருந்தது. எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதும்.

"ஆறே ஆறு, என்னோடது. டப்பாவுல குறையணுமேன்னு உங்க ஆறை எடுத்துப் பையில போட்டேன். கடாவெல்லாம் விழுந்தா அங்கேயே சொல்லிடலாம்னு இருந்தேன். ஜனவரியில உங்க வீட்டுக்கு வந்தப்ப, நீங்க காப்பி போடப் போனீங்க. உங்க கணக்கு நோட்டைப் புரட்டி, என் பேர் போட்ட பக்கத்துல இருந்த மருந்து எடையை எழுதிக்கிட்டேன். மருந்து பேரு அதுல இல்ல. பெஞ்சுல ஒரே ஒரு டப்பா இருந்துச்சு. அதே டப்பாவைக் கடையில வாங்கினேன்."

ஆர்வில் கண்ணை மூடினார். "அன்னைக்கு ஜீனோடதுக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாம்."

"உங்ககிட்டயா? அப்புறம் அதுவும் உங்க தோட்டாதான்."

 ஆர்வில் நிமிர்ந்து கேட்டார். "இத்தனை நாளா நான்தான்னு என்னை ஏன் நம்ப விட்ட?"

கர்ட் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "நீங்களும் தப்பு பண்ணுவீங்கன்னு ஊரு பேசிச்சு. கேக்க நல்லா இருந்துச்சு."

ஆர்வில் எழுந்து, சுவரில் இருந்த தொலைபேசியில் எண்களை அழுத்தினார். விரல் தடுமாறவில்லை. "ஜீன், சனிக்கிழமை வா. பெட்டியெல்லாம் வேண்டாம், சும்மா வா. அடுப்பு விஷயத்துக்கு வேணா டாக்டர்கிட்ட போலாம். பெஞ்சு இருந்த இடத்துலயே இருக்கும்." வைத்துவிட்டு மேசைக்கு வந்து, தன் ஆறு தோட்டாக்களையும் சேர்த்தார்.

வெளியே சேற்றில் வண்டிவரை ரஸ் கூடவே நடந்தான். கதவைத் திறந்துவிட்டான். ஏதோ கேட்கப்போகிறவன்போல அவன் கை முன்னால் நீண்டிருந்தது. எப்போது நீண்டது என்று அவனுக்கே தெரியாது.

ஆர்வில் அந்தக் கையைப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். பிறகு ஆறையும் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"இனி ஒருத்தனுக்கும் இல்லப்பா" என்றார்.

ரஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.