வைக்கக்கூடாத பெயர்

“ஐயோ... தேய்க்காதீங்கோ அண்ணா! நிப்பாட்டுங்கோ!”

ஓர்ஸ் ஹில் குன்றின் பின்சரிவில், மாரி மழைக்குப் பிறகு மட்டுமே உயிர்பெறும் அந்தச் சிற்றோடைக்குள் முழங்காலளவு நீரில் நின்று, தும்புத் தூரிகையால் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தூறல் அவன் நெற்றியில் வழிந்தது. அந்தக் கண்கள்... இத்தனை அமைதியான கண்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று லோஜினிக்கு ஒரு கணம் தெரியாமற் போயிற்று.

“என்ன பிள்ளை, பாம்போ?”

“பாம்பில்லை. நீங்கள் தேய்க்கிற கல்லில என்ர பூச்சி இருக்கு.”

“உங்கட பூச்சியோ?” அவன் தூரிகையைத் தாழ்த்தினான். “அப்ப இவ்வளவு நாளும் என்ர சல்லடையை அடைச்சுக்கொண்டிருந்தது நீங்கள்தானோ?”

சிரிக்கக்கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் பெயர் சுகிர்தன். கீழே இறங்குதுறைக்கு வரும் வள்ளங்களுக்கு இந்த ஓடையின் நன்னீரை இறைத்துக் கொடுக்கும் பம்பு அறைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தன். ஓடைக் கற்களில் வலை பின்னி, மணலைக் கோத்துக் கூடு கட்டும் புழுக்கள் அவனுடைய சல்லடையை வாரந்தோறும் அடைத்துவிடும். அந்தப் புழுக்களுக்காகவே பேராதனையிலிருந்து இரண்டு வார விடுமுறையில் சாம்பல்தீவில் உள்ள தன் வீட்டுக்கு வந்திருந்தாள் ஆய்வு மாணவி லோஜினி. அவை வளர்ந்து, சிறகு முளைத்து, சிறிய அந்துப்பூச்சியைப் போல் வெளியேறும்போது கடிஸ் பூச்சி என்று பெயர் பெறும். சென்ற மார்கழியில் இறங்குதுறை விளக்கடியில் அவளுக்கு அகப்பட்ட ஒன்று, எந்த நூலிலும் எழுதப்படாத ஓர் இனம்.

“அப்ப கண்டுபிடிச்சிட்டீங்கள்தானே. பிறகென்ன?”

“பிடிபட்டது பெண். வாலின்ர நுனியைப் பார்த்துத்தான் இனத்தைப் பிரிக்கிறது. அது ஆணிலதான் தெளிவாத் தெரியும். எனக்கு எப்படியும் ஆண் ஒண்டு வேணும்.”

சொன்ன பிறகே அவளுக்கு விளங்கியது. முகம் சிவந்தது.

“அதுக்கு ஏன் ஓடையில இறங்குறீங்கள்?” என்றான் அவன் மிகுந்த பணிவோடு. “வீட்டில சொன்னால் பார்த்துத் தருவினமே.”

“அண்ணா!”

“சரி, சரி... பகிடிக்குச் சொன்னனான். வெள்ளிக்கிழமை மேலதிகாரி பார்க்க வாறார். அதுவரைக்கும் மேல்பக்கத்துக் கல்லைத் தொடமாட்டன். அதுக்குப் பிறகு என்னால ஏலாது.”

சனிக்கிழமை அவள் திரும்பிப் போகவேண்டும். தை கழிந்தால் ஓடை வற்றிவிடும். ஆண் கிடைக்காவிட்டால் அவளுடைய கண்டுபிடிப்பு இன்னும் ஓராண்டு போத்தலுக்குள் பெயரின்றிக் கிடக்கும்... அதற்குள் வேறொருவர் முந்திக்கொள்ளவும் கூடும்.

அன்று முதல் நாள்தோறும் பொழுது சாயும் வேளையில், ஓடைக்கரையில் வெள்ளைச் சீலை கட்டி, அதன் முன்னால் விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருந்தாள். சீலை ஈரக்காற்றில் பறக்காமல் அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். உள்துறைமுகத்து நீர் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்க, மழை அதன்மேல் நடந்து வரும். பூச்சிகள் வந்தன; யாவும் பெண்களே. அவள் அவனை ‘அண்ணா’ என்று அழைப்பதை எந்த நாளில் விட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை அவன் ஒரு பையை நீட்டினான்.

“நீங்கள் போன பிறகு நானும் பிடிச்சனான். கெடாமல் மதுசாரத்தில போட்டு, நீங்கள் செய்யிற மாதிரிப் பிடிச்ச இடத்தைத் துண்டில எழுதி உள்ள விட்டிருக்கிறன்.”

ஐந்து சிறு போத்தல்கள். மூன்றாவதை உருப்பெருக்கியின் கீழ்ப் பிடித்தாள். அதே சிறகுப் புள்ளிகள்... வால் நுனியில் கொக்கி போன்ற இரு சிறு கவ்விகள்... ஆண்!

“இது எங்க பிடிச்சது?”

“துண்டில இருக்கே.”

துண்டு வெள்ளையாக இருந்தது. ஐந்துமே வெள்ளை. மதுசாரத்தில் மட்டும் மெல்லிய நீலம் கரைந்திருந்தது.

“பேனையாலயா எழுதினீங்கள்?”

“ஓம்... நல்ல பேனை. ரெண்டு இந்தப் பம்பு அறையில, ரெண்டு சாம்பல்தீவுப் பாலத்தடியில, மற்றது இறக்கக்கண்டியில எங்கட வீட்டு விறாந்தையில... எது எதெண்டுதான் இப்ப...”

“ஊர் தெரியாத பூச்சியை வைச்சு நான் என்ன செய்யிறது? ஒருத்தரும் ஏற்கமாட்டினம். படிச்ச ஆள் எண்டு நினைச்சன்!”

அந்த அமைதியான கண்கள் ஒருமுறை தாழ்ந்து மீண்டன.

“டிப்ளோமாதான் படிச்சனான், மிஸ்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு அவன் பம்பு அறைக்குள் போய்விட்டான்.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேனை மை மதுசாரத்தில் கரையும், பென்சிலால்தான் எழுதவேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கே முதலாம் ஆண்டில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு, அவள் கேளாமலே மழையில் நின்று பிடித்திருக்கிறான்... ‘மிஸ்’ என்ற அந்த ஒரு சொல் அவளை எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

வியாழக்கிழமை மாலை அவள் பம்பு அறை வாசலில் நின்றாள். அவன் கதிரையை விட்டு எழுந்தான்.

“நான் கதைச்சது பிழை. பென்சிலால எழுதச் சொல்லாதது என்ர பிழை. பூச்சிக்காக வரேல்ல... மன்னிப்புக் கேட்க வந்தனான்.”

அவன் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினான்.

“பூச்சிக்காகவும் வந்திருக்கலாம்,” என்றான். “நாளைக்குக் கல்லைத் தேய்க்கவேணும். சீலையைக் கொண்டுவந்தனீங்களோ?”

மழை விட்டிருந்தது. காற்று அசையவில்லை. விளக்கு எரியத் தொடங்கிய அரைமணி நேரத்தில், சீலையின் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி வந்து அமர்ந்து, நீண்ட உணர்கொம்புகளை முன்னே நீட்டியது. லோஜினி சிறு போத்தலால் அதை மூடி, உருப்பெருக்கியை எடுத்தாள்.

“ஆண்...” என்றாள். “சுகிர்தன், ஆண்!”

அவன் பெயரை அவள் சொன்னது அதுவே முதல் தடவை. இருவரும் அதைக் கவனித்தார்கள். இருவரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

அவள் கொடுத்த பென்சிலால் அவனே துண்டு எழுதினான். திகதி, ஓடை, ஓர்ஸ் ஹில்... ஒவ்வோர் எழுத்தாக, பரீட்சை எழுதுபவனைப் போல.

“இனிப் பேர் வைக்கலாம்தானே? எப்பிடி வைக்கிறது?”

“ஊரின்ர பேரை வைக்கலாம். உதவி செய்த ஆக்களின்ர பேரையும் வைக்கிறது வழக்கம்.”

அவன் தலை நிமிரவில்லை; ஆனால் பென்சில் நின்றுவிட்டது. அவள் ஆழமாக மூச்சை இழுத்தாள்.

“ஆனால் உங்கட பேரை வைக்க ஏலாது.”

“ஓம்... ஓம். அது பெரிய ஆக்களுக்குத்தானே.” அவன் சிரிக்க முயன்றான். “நான் சும்மா சல்லடை தேய்க்கிறவன்.”

“அதுக்காக இல்லை!” அவள் துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல அவளுக்குத் துணிவு போதாது. “எங்கட துறையில ஒரு மரியாதை இருக்கு. தான் எழுதுற பூச்சிக்கு ஆரும் தன்ர பேரை வைக்கிறேல்ல.”

“இது என்ர பேர்தானே... உங்கட பேர் இல்லையே?”

“இப்ப இல்லை.”

அவள் போத்தலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“கலியாணம் முடிச்சால்...” அவளுடைய குரல் இன்னும் தாழ்ந்தது. “பொம்பிளையள் ஆரின்ர பேரைத் தங்கட பேருக்குப் பின்னால போடுறவை?”

அவள் திரும்பிப் பார்க்கவும் அஞ்சினாள். சொல்லியிருக்கக்கூடாதோ... அவசரப்பட்டுவிட்டேனோ... பின்னால் கற்கள் அசையும் ஒலி கேட்டது. அவன் அருகில் வந்து நின்றான். ஈரச் சட்டையின் வாசனை... தயங்கும் மூச்சு...

“லோஜினி சுகிர்தன்,” என்று, எழுத்துக்கூட்டிப் பார்ப்பவனைப் போல, மெதுவாகச் சொன்னான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

“அப்ப வைக்க வேண்டாம்,” என்றான் சுகிர்தன். “பூச்சிக்கு வேற பேர் பாருங்கோ.”