விளிம்பில் ஏறிய எடை

1941 ஏப்ரல். காமயகவுண்டன்பட்டி. காலை 9.10.

கஸ்தூரியம்மாள் குளித்துவிட்டு வந்து கூடத்தில் இருந்த நகைப்பெட்டியைத் திறந்தார். காதிலிருந்து கழற்றி வைத்த கனத்த தண்டட்டி இரண்டையும் காணோம். அவர் போட்ட கூச்சல் திராட்சைத் தோட்டம் வரை கேட்டது.

“வீடு கூட்டுன நீதான்டி திருடி. ஆள் அனுப்பியாச்சு, நாலு மணிக்குப் போலீசு வரும்.”

சுப்புத்தாய் துடைப்பத்தோடு நின்றாள். “பதினோரு வருசமா கூட்டுறேன் ஆத்தா. ஒரு ஊசிய எடுத்திருப்பேனா?”

அவள் அழவில்லை. அதுதான் கஸ்தூரியம்மாளின் மகள் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை.

சொர்ணலதா மதுரையில் கணக்கு டீச்சர். விடுமுறைக்கு வந்தவள், கூடத்தில் ஒரு விண்மீன் மண்டலத்தையே சுற்ற விட்டிருந்தாள். சைக்கிள் அச்சின் மேல் படுக்கைவசமாக அகலமான அட்டைத் தட்டு. அதில் சுருள் சுருளாக ஈயக் குண்டுகள். அச்சில் சுற்றிய நூலில் தொங்கும் கல் இறங்கினால் தட்டு சுற்றும். எடையை இடம் மாற்றிச் சுழற்சியை அளப்பது அவளுடைய பைத்தியம்.

அன்று கூடத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர்: சுப்புத்தாய், திராட்சை வாங்க வந்த தேனி வியாபாரி வைகுண்டராஜ், அச்சுக்கு எண்ணெய் விட வந்த சைக்கிள் கடைக் கர்ணன். ஒருவரையும் வெளியே விடவில்லை. மூவரையும் சோதித்துப் பார்த்தும் பலனில்லை.

காலை 10.30.

யோசனையில் சொர்ணலதா கல்லை இறக்கினாள். நேற்றுப் பத்து எண்ணுவதற்குள் தரையைத் தொட்ட கல், இன்று பதிமூன்று எண்ண வைத்தது. தட்டு கொஞ்சமும் ஆடாமல் சுற்றியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எண்ணெய் விட்டாச்சா கர்ணண்ணே?”

“விட்டேன் டீச்சரம்மா.”

“நீங்க இதத் தொட்டீகளா அண்ணாச்சி?”

“எனக்கு எதுக்கும்மா அந்த ராட்டினம்?” என்றார் வைகுண்டராஜ்.

சொர்ணலதா அம்மாவிடம் திரும்பினாள். “ஆண்ட்ரோமீடாங்கிற விண்மீன் மண்டலத்துல ஓரத்து நட்சத்திரங்க நெனச்சத விட வேகமாச் சுத்துதாம். வெளிச்சம் இல்லாத எடத்துலயும் எடை இருக்குங்கிறாக. நம்ம தட்டுலயும் கண்ணுக்குத் தெரியாத எடை இருக்கு. எண்ணெய் விட்டும் மெதுவாச் சுத்துதுன்னா ஓரத்துல எடை ஏறியிருக்கு. நடுவுல ஏறியிருந்தா இவ்வளவு தயங்காது.”

“அப்ப கூட்டும்போது இவதான் ஒளிச்சு வச்சிருக்கா.”

“இல்லம்மா. விவரம் தெரியாதவுக ரெண்டையும் ஒரே பக்கம் செருகுவாக. தட்டு கோணி ஆடும். இது ஆடல. ஒண்ண இங்கன வச்சா மத்தத நேர் எதிர அங்கன வைக்கணும்னு தெரிஞ்ச கை இது. நெதமும் சக்கரத்துக் கோணல் எடுக்குற கை. இல்லையா கர்ணண்ணே?”

தட்டைக் கவிழ்த்தாள். எதிரெதிர் விளிம்புகளில் தண்டட்டிகள். அவற்றின் மேல் பஞ்சர் ஒட்டும் ரப்பர்.

கர்ணன் தலையைத் தொங்கப்போட்டான். “ரிப்பேருன்னு சொல்லிக் கடைக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

கஸ்தூரியம்மாள் சுப்புத்தாயின் கையைப் பிடித்தார். “தப்பாப் பேசிட்டேன்டி.”

“திருடின்னு ஊருக்கே கேக்கத்தான சொன்னீக. இதயும் தெருவுல வந்து சொல்லுங்க ஆத்தா.”

கஸ்தூரியம்மாள் வெறுங்காதோடு தெருவில் இறங்கி, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார்.